திரும்பிப் பார்க்காதவள்

ப்ரோனாவால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை.

கூடத்தில் அம்மா சவப்பெட்டிக்குள் கிடந்தாள். அடக்கம் வரை அவளைத் தனியே விடக் கூடாதென்று அக்கம்பக்கத்தார் முறைவைத்து அருகில் அமர்ந்தார்கள். பெற்ற மகள் மட்டும் அந்த நாற்காலிப் பக்கமே போகவில்லை.

டீ ஊற்றினாள். கழுவிய கோப்பையையே மறுபடி கழுவினாள். யாரும் கேட்காமலே சாண்ட்விச் தட்டை நீட்டினாள்.

“ஆப்பிரிக்காவுலயே கால்ல சக்கரம் கட்டி அனுப்பிட்டாங்க போல,” என்றார் அடுப்படியில் ஒரு கிழவர். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

ஊரில் பாதிப் பேர் ப்ரோனா தன் சிறுவயதைப் பற்றி எழுதிய புத்தகத்தைப் படித்தவர்கள். சாம்பியாவில் அப்பாவுக்குச் சுரங்க வேலை. ப்ரோனா ஐந்து வயது வரை அங்கேதான் வளர்ந்தாள். ஒருநாள் காலை தம்பி ஃபின்டன் பூட்ஸுக்குள் காலை விட்டான். உள்ளே தேள். அவனை அந்தச் செம்மண்ணிலேயே புதைத்துவிட்டு, ரயிலில் துறைமுகம் போய் அயர்லாந்துக்குக் கப்பலேறினார்கள்.

கப்பல் நகர்ந்தபோது அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. புத்தகமே அப்படித்தான் தொடங்கும். பிறகு அவன் பெயரைக்கூட அவள் சொன்னதில்லை என்றும், அவனை நினைத்திருப்பது தான் ஒருத்திதான் என்றும் ப்ரோனா எழுதியிருந்தாள். தேளே இல்லாத இந்த நாட்டில் இன்றைக்கும் ப்ரோனா பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டாமல் போடமாட்டாள். அதையும் எழுதியிருந்தாள்.

அம்மா அதைப் படித்து முடித்து, “எழுத்து பெரிசா இருக்கு, கண்ணு வலிக்கல,” என்றாள். அவ்வளவுதான். அந்தக் கல்நெஞ்சை ப்ரோனாவால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. மனசு ஆறாமல் எப்படிப் பக்கத்தில் போய் உட்காருவது?

வெளியே போய்விட்டால் தேவலை என்றிருந்தது. மழை கொட்டிக்கொண்டிருந்தது.

பின்கதவருகே அட்ராக்டா நின்றிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி. கடைசி வருடங்களில் அம்மாவைப் பார்த்துக்கொண்டவள்.

“இந்த மழையில அந்தச் செருப்போடவா போற? அம்மாவோடத போட்டுக்க.”

அம்மாவின் ரப்பர் பூட்ஸை எடுத்தவள், கொடுக்காமல் கவிழ்த்து, கதவு நிலையில் டொக் டொக்கென்று தட்டினாள்.

ப்ரோனாவுக்குச் சுருக்கென்றது. “புத்தகத்தைப் படிச்சுட்டுக் கேலி பண்றியா?”

“உன் புத்தகத்தை நான் எங்க படிச்சேன்? உங்கம்மா பழக்கிவிட்டது. என் பூட்ஸைக்கூடத் தட்டாம போட விடமாட்டாங்க. இங்க ஏது தேளுன்னு சிரிப்பேன். ‘தினமும் நான்தான் தட்டிக் குடுப்பேன், அன்னைக்கு ஒருநாள் மறந்துட்டேன்’னு சொல்லுவாங்க. யாருக்குன்னு கேட்டா பதிலே வராது.”

ப்ரோனா பூட்ஸை வாங்கிக்கொண்டாள். போட்டுக்கொள்ளவில்லை.

அதைக் கையில் பிடித்தபடியே கூடத்துக்கு வந்தாள். பெட்டியருகே இருந்தவர் எழுந்து இடம் விட்டார்.

ப்ரோனா உட்கார்ந்தாள்.