அடிப்பூச்சு

படார்!

"மிட்சுயோ! அடுப்பை அணைச்சிட்டு ஓடி வா! பாலம் சிவப்பாயிடுச்சு!"

மதிய உணவு டப்பாக்கடை மிட்சுயோ வாசலுக்கு ஓடி வந்தாள். மீன்கடை ஒரியே நடுத்தெருவில் நின்று துறைமுகப் பாலத்தைக் காட்டினாள். வர்ணம் பூசுவதற்காகச் சுற்றிக் கட்டியிருந்த மறைப்புத் துணி கடல்காற்றில் கிழிந்து பறந்தது. நாற்பது வருடமாக நீலமாகவே இருந்த பாலம், உள்ளே செங்கல் சிவப்பில் நின்றது.

"பாலத்தடி போர்டுல நீலம்னுதானே போட்டிருக்கு?" என்றாள் மிட்சுயோ.

"என்னைக் கேட்டா? நீதானே அந்த மேஸ்திரிகிட்ட வாய் விட்டே! இப்ப என்ன பண்ணப் போறே?"

மிட்சுயோ ஈரக்கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள்.

இரண்டு மாதத்துக்கு முன், பாலத்துக்கு வந்திருந்த பெயின்ட் மேஸ்திரி குவபாரா டப்பா வாங்க வந்தவர், மீதிச் சில்லறையை மறந்துவிட்டு, "நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்று கேட்டுவிட்டார். அவள் கணவர் இறந்து எட்டு வருடமாகிறது. கடையில் வேறு கூட்டம். என்ன சொல்வதென்று தெரியாமல், "இந்தப் பாலம் சிவப்பானா பார்க்கலாம்!" என்று சிரித்துத் தட்டிக் கழித்தாள். கூட்டமும் சிரித்தது. குவபாரா மட்டும் சிரிக்கவில்லை. தலையாட்டிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அவருடைய டப்பாவில் மட்டும் முட்டைச் சுருள் ஒன்று கூடுதலாக விழ ஆரம்பித்தது. அதை அவர் கவனித்தாரா என்பதும் தெரியவில்லை. அடுத்த மாதம் வேலை முடிந்ததும் ஆட்கள் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள்.

"சொன்ன வார்த்தை சொன்னதுதானே?" ஒரியே விடவில்லை.

"போடீ, எனக்கு அரிசி ஊற வைக்கணும்."

மதியம் வரை மிட்சுயோ அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. பன்னிரண்டு மணிக்கு வழக்கம்போல் ஆறு டப்பாக்களோடு பாலத்தடிக்குப் போனாள். ஐந்தை ஆட்களிடம் கொடுத்துவிட்டு, தனியாகத் துணி சுற்றிய ஆறாவதைக் குவபாராவின் கையில் வைத்தாள்.

"என்னங்க இது? ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்குது. நீலம்னு போர்டு வச்சிட்டு சிவப்பு அடிச்சிருக்கீங்க?"

அவள் குரல் அவளுக்கே சண்டைக்காரி குரல்போல் கேட்டது. குவபாரா ஹெல்மெட்டைக் கழற்றினார். எதையோ சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டார்.

"பயப்படாதீங்க, மிட்சுயோ. இது துருப்பிடிக்காம இருக்கப் பூசுற அடிப்பூச்சு. இதுக்கு மேல வெளிர்நீலம், அதுக்கு மேல நீலம். ஒவ்வொரு பூச்சும் வேற வேற நிறத்துல இருந்தாத்தான் விட்டுப்போன இடம் தெரியும்."

"அப்போ இந்தச் சிவப்பு?"

"நாளை மறுநாள் மறைஞ்சிடும். இது... கணக்குல வராதுங்க."

"வராதா? பாலத்தைக் காப்பாத்துறதே அடியில இருக்கற பூச்சுதான்னு போன வாரம் சொன்னீங்களே?"

"அது இரும்புக்குச் சொன்னது."

சாப்பிட்டுக்கொண்டிருந்த ஐந்து பேரும் மெல்லுவதை நிறுத்தினார்கள். எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று ஒருவருக்கும் பிடிபடவில்லை.

"அடிப்பூச்சுல வேற நிறமே கிடையாதா?"

"அடிப்பூச்சுன்னா சிவப்புதாங்க," என்றார், தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு.

மிட்சுயோவுக்கு எதுவும் புரியவில்லை. தப்பித்தோம் என்றுதானே இருக்க வேண்டும்? பிறகு ஏன் இந்தக் கோபம்? சட்டென்று அவர் கையிலிருந்த டப்பாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

"டப்பா மாறிடுச்சு. உங்களுக்கு வேற அனுப்புறேன்."

அவள் திரும்பி நடந்தபோது, ஒரு சிறிய லாரி ஹாரன் அடித்தபடி வந்து குறுக்கே நின்றது. பெயின்ட் கடை டிரைவர் தலையை நீட்டினார்.

"மேஸ்திரி! அந்தச் சாம்பல் அடிப்பூச்சு டின்னெல்லாம் எங்க? திருப்பி எடுத்துக்கச் சொல்லி மூணு தடவை போன் பண்ணீங்களே!"

"சாம்பலா?" என்றான் தமாய் என்ற தொழிலாளி, வாயில் சோற்றோடு. "நாம அடிச்சது சிவப்பாச்சே?"

"முதல்ல வந்தது சாம்பல்தான்யா. ரெண்டும் ஒரே சரக்கு, நிறம்தான் வேறன்னு தலையால அடிச்சுக்கிட்டேன். உங்க மேஸ்திரி கேட்டாத்தானே! நகராட்சிக்கு மூணு மனு எழுதி, கையெழுத்து வாங்கி, சிவப்புதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னாரு."

குவபாராவின் காது மடல்கள் பாலத்தின் நிறத்துக்கு வந்திருந்தன.

மிட்சுயோ அப்படியே நின்றாள். பிறகு திரும்பி வந்து, டப்பாவை மறுபடி அவர் கையில் வைத்தாள்.

"டப்பா மாறலை."

அவர் துணியை அவிழ்த்து மூடியைத் திறந்தார். உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். தமாய் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"அட, பயறு போட்ட சிவப்புச் சோறு! விசேஷத்துக்குத்தானே இதை ஆக்குவாங்க? மேஸ்திரி, யாருக்குக் கல்யாணம்?"