ஒரு சாணும் இரண்டு விரலும்

சமையலறைக் கதவில் ஒட்டியிருந்த உலகப் படத்தின் மேல் அம்மா கையை விரித்து வைத்தாள். அண்ணன் இருக்கும் ஊரில் கட்டை விரல். சுண்டு விரல் எங்கள் ஊருக்குக் கொஞ்சம் எட்டவில்லை.

“ஒரு ஜாணும் ரெண்டு விரலும்தான். இதுக்குப் போய் பதினாறு மணி நேரமா?”

“பதிமூவாயிரம் கிலோமீட்டர் அது. உன் கையை வச்சா பிளேன் ஓட்டுறாங்க?” என்றார் அப்பா. தையற்காரர், கழுத்தில் எப்போதும் அளவு நாடா தொங்கும். வெளியே கிளம்பும்போது அம்மாதான் அதைக் கழற்றிச் சுருட்டி வைப்பாள்.

“இந்நேரம் ஏர்போர்ட் போயிருப்பான்.”

“அவன் வந்து இறங்குற வரைக்கும் இப்படியே நடந்துட்டு இருக்கப் போறியா?”

“பைலட் ரெண்டு பேருங்க. அவங்க கண் அசந்தா? மூணாவது ஆள் நான்.” அண்ணன் வரும் ஒவ்வொரு முறையும் சொல்வதுதான். சிரித்துக்கொண்டே அண்ணன் அறைக்குத் தலையணை உறை மாற்றப் போனாள்.

உறையைப் பாதி மாட்டியபடி கட்டிலில் சாய்ந்தவள் எழுந்திருக்கவில்லை. பக்கத்துத் தெரு டாக்டர் வந்து பார்த்தார். அம்மாவின் கையைக் கீழே வைத்துவிட்டு அப்பாவின் தோளைத் தொட்டார்.

நாங்கள் அழத் தொடங்கும் முன்பே போன் அடித்தது. அண்ணன்.

“சொல்லிடலாம்ப்பா,” என்றேன்.

“வேணாம்மா. பிளேன்ல தெரிஞ்ச முகம் ஒண்ணு இருக்காது. அவ்வளவு நேரம் யார் தோள்ல சாய்வான்? இறங்கட்டும், நானே சொல்லிக்கிறேன்.” தொண்டையைச் செருமிக்கொண்டு ஸ்பீக்கரில் போட்டார்.

“அப்பா, பிளேன்ல ஏறப் போறேன். அம்மாகிட்ட குடுங்க.”

“அம்மா தூங்குறாடா.”

அந்தப் பக்கம் விமான நிலைய அறிவிப்பு மட்டும் கேட்டது. லைன் போய்விட்டதோ என்று அப்பா திரையைப் பார்த்தார்.

“சரிப்பா, எழுப்பாதீங்க,” என்றான் அண்ணன். “நீங்க ஏதாவது சாப்பிடுங்க. தங்கச்சியைப் பக்கத்துலயே வச்சுக்குங்க.”

“நம்பிட்டான்,” என்று அப்பா நாற்காலியில் சரிந்தார். அதன் பிறகுதான் அழுதார்.

வீடு உறவினர்களால் நிறைந்தது. நான் கதவருகே போய் உலகப் படத்தில் கை வைத்துப் பார்த்தேன். அம்மா கை பெரியது. எனக்கு ஒரு சாணும் மூன்று விரலும் ஆனது.

விமான நிலையத்துக்குப் போகும் வழியெல்லாம் அப்பா என்னிடம் ஒத்திகை பார்த்தார். “‘அம்மாவுக்கு முடியலை’ன்னு ஆரம்பிக்கட்டுமா? இல்ல, முதல்ல தண்ணி குடுத்துடலாமா?”

அண்ணன் வெளியே வந்தான். கண்கள் வீங்கியிருந்தன. நெடும் பயணம், தூங்கியிருக்க மாட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா தண்ணீர் பாட்டிலை நீட்டினார். “தம்பி, அம்மாவுக்கு…”

அண்ணன் பெட்டியை விட்டுவிட்டு, அப்பாவின் கழுத்தில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த நாடாவைக் கழற்றினான். அம்மாவைப் போலவே மெதுவாகச் சுருட்டினான்.

“நான் வர்றப்ப அம்மா என்னைக்குப்பா தூங்கியிருக்காங்க?”