பார்த்து எழுதியது

"இது உங்க கையெழுத்துதானே டீச்சர்?"

தலைமையாசிரியை நீட்டிய நாட்குறிப்பைப் பார்த்துக் கணக்கு டீச்சர் தலையாட்டினாள். முத்து முத்தான அந்த எழுத்தைப் பள்ளிக்கூடமே அறியும். ஆசிரியர்கள் அன்றாடம் தங்கள் குறையைத் தாங்களே எழுதித் திருந்த வேண்டும் என்று அங்கே ஓர் ஏற்பாடு.

"செவ்வாய்க்கிழமை எழுதினதைப் படிங்க."

'இன்று பொறுமை இழந்தேன். எதிர்த்துப் பேசியவனை ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டினேன். இனி கோபத்தை அடக்கப் பழக வேண்டும்.'

அவள் அந்த வரிகளை மறுபடி படித்தாள். அன்று ஸ்டோர் ரூமில் மயங்கிக் கிடந்த பையன் ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை. வராந்தாவில் அவனுடைய அப்பா நின்றிருந்தார்.

"நான் பூட்டல மேடம். ஒரு வாரமா எழுதாம விட்டுட்டேன். நேத்து சயின்ஸ் டீச்சர்தான், 'இதைப் பாத்து எழுதிக்கோங்கக்கா'ன்னு தாள்ல எழுதிக் கொடுத்தா. மடமடன்னு எழுதினேன். என்ன எழுதுறேன்னுகூடப் பாக்கல."

"பாத்து எழுதுற பிள்ளைங்களை வெளுத்து வாங்குற நீங்களா? சரி, அந்தத் தாள் எங்க?"

"அவளே திருப்பி வாங்கிட்டுப் போயிட்டா."

அடுத்த அறையில் சயின்ஸ் டீச்சரின் குரல் கணீரென்று பாடம் நடத்திக்கொண்டிருந்தது. தலைமையாசிரியை இன்னொரு நாட்குறிப்பைப் பிரித்துக் கணக்கு டீச்சர் முன் தள்ளினார். அது சயின்ஸ் டீச்சருடையது.

'செவ்வாய். கணக்கு டீச்சர் ஸ்டோர் ரூமைப் பூட்டுவதைப் பார்த்தேன். மூத்தவராயிற்றே என்று வாயை மூடிக்கொண்டேன். இனி தைரியமாகப் பேசப் பழக வேண்டும்.'