ஜலால் பாயின் சாட்சி

“சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும். இந்தம்மாவை மட்டும் என் கடைகிட்ட உட்கார வைக்காதீங்க!”

கடை ஒதுக்கும் ஆபீசில் ஜலால் பாய் போட்ட சத்தத்தில் புஷ்பலதாவுக்குக் கை கால் ஓடவில்லை. தனக்குச் சாட்சி சொல்லத்தான் அவரைக் கையோடு கூட்டி வந்திருந்தாள்.

தாம்பரத்தை ஒட்டிய அந்த மார்க்கெட் தீயில் எரிந்து இரண்டு வருஷம். ஜெர்மனிக்காரர்கள் கொடுத்த பணத்தில் புதுக் கட்டடம் எழும்பிவிட்டது. ரசீது வைத்திருந்தவர்களுக்கெல்லாம் கடை கிடைத்துவிட்டது. பாயின் அத்தர் கடை வாசலில் பலகை போட்டு மீன் விற்ற புஷ்பலதாவிடம் ஏது ரசீது? கொழுந்தன் தசரதன் வந்து சாட்சி சொல்லிப் பார்த்தான். சொந்தக்காரர் சொன்னால் செல்லாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மிச்சமிருந்தது பாய் ஒருவர்தான்.

இரண்டு வருஷமாகக் கூடையைச் சுமந்து பீர்க்கன்கரணைத் தெருவெல்லாம் அலைகிறாள். அலைச்சல்கூடப் பெரிசில்லை. ஓரிடத்தில் உட்கார வேண்டும். ‘புஷ்பா, வஞ்சிரம் வந்துச்சா?’ என்று நாலு பேர் தேடி வர வேண்டும். பாய் டீ வாங்கினால் பாதியை அவளுக்கு ஊற்றுவாரே, அதைக் குடிக்க வேண்டும். அந்த ஏக்கம்தான் அவளைத் தின்றது.

அந்த மனுஷனா இப்படிப் பேசுகிறார்?

“எத்தனை வருஷமா அங்க உட்கார்ந்தாங்க?” என்று கேட்டார் கடை ஒதுக்கும் அதிகாரி சக்தி.

“பன்னெண்டு வருஷம் சார்! காலையில பலகை போட்டா மத்தியானம் வரைக்கும் நாத்தம். அத்தர் வாங்க வர்றவன் மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடுவான். தினம் சண்டை. எங்க வேணா கையெழுத்துப் போடறேன்.”

போட்டார். அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் வெளியே போய்விட்டார்.

புஷ்பலதாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“அப்ப எனக்கு இல்லியா சார்?”

“யாரும்மா சொன்னது? பின்பக்கம், குழாய்கிட்ட இருக்கிற கடை உங்களுக்குத்தான்.”

“இன்னா சார் சொல்றீங்க?”

“சொந்தக்காரங்க, சிநேகிதங்க வந்து சொன்னா நாங்க எழுதக் கூடாது. ஜெர்மனியில ஒத்துக்க மாட்டாங்க. ஆகாதவரே பன்னெண்டு வருஷம்னு கையெழுத்துப் போட்டப்புறம் யார் மறுக்கப் போறாங்க?”

புஷ்பலதா வெளியே ஓடினாள். பாய் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

“பின்பக்கம் குடுத்துட்டாங்க பாய். உங்க கடைய வுட்டு அம்மாந்தூரம்.”

“கிடைச்சுதே, அது போதும்” என்றார் பாய்.

“பன்னெண்டு வருசத்துல ஒரு நாளாச்சும் நாம சண்ட போட்டுக்கினோமா பாய்?”

“இல்லையேம்மா... அதான் இன்னிக்கு ஒண்ணு போட வேண்டியதாப் போச்சு.”