ஆறு போல்ட்டில் இரண்டு

இதை நான் நேரில் பார்க்கவில்லை. என் அக்காவின் கணவர் சொல்லிக் கேட்டதுதான். அத்தான் ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். முதலாளியம்மாவைக் கிண்டல் செய்ய வேண்டும் என்றால் இந்தக் கதையைத்தான் எடுப்பார். எப்படியும் நாலு தடவை கேட்டிருப்பேன்.

ஒரு வக்கீலம்மா ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருந்தார். எஞ்சின் முன்னால் இருக்கும். ஓடுவது பின் சக்கரத்தால். நடுவே ஒரு நீளமான ஷாஃப்ட் சுழன்று எஞ்சினின் வேகத்தைப் பின்னால் கொண்டுபோகும்.

ஆக்சிலேட்டரை விட்டு மறுபடி மிதித்தால் பின்னாலிருந்து 'டங்' என்று ஒரு சத்தம். ரிவர்ஸ் போட்டாலும் 'டங்'. வேகம் கூடினால் ஒரு முனகல். இதுதான் வக்கீலம்மாவின் புகார்.

அத்தான் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, பின் சக்கரங்களைச் சுழற்றுகிற பல்சக்கரப் பெட்டி, அதாவது டிஃபரன்ஷியல், போய்விட்டது, கழற்ற வேண்டியதுதான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

முதலாளியம்மா ஒத்துக்கொள்ளவில்லை. சத்தம் கேட்கிற இடத்தில்தான் கோளாறு இருக்கும் என்று யார் சொன்னது என்பது அவர் கட்சி. காரை லிஃப்டில் ஏற்றி, கியரில் போட்டு, ஷாஃப்டைக் கையால் இப்படியும் அப்படியும் திருகச் சொன்னார். அத்தான் திருகத் திருக, அவர் ஒவ்வொரு இணைப்பிலும் விரலை வைத்து, எங்கே ஆட்டம் தெரிகிறது என்று பார்த்துக்கொண்டே நகர்ந்தார். இப்படியே அரை மணி நேரம்.

"நாடி பார்க்கிறாங்களாம்" என்று பக்கத்தில் நின்றவரிடம் அத்தான் முணுமுணுத்திருக்கிறார்.

கியர்பாக்ஸும் ஷாஃப்டும் சேரும் இடத்தில் தடித்த ரப்பர் வளையம் ஒன்று உண்டு. ஆறு போல்ட் அதைப் பிடித்திருக்கும். விரல் அங்கே நின்றது.

முதலாளியம்மா ஸ்பேனர் வைத்தார். நாலு போல்ட் அசையவில்லை. மற்ற இரண்டும் தண்ணீர்க் குழாயைத் திறப்பது மாதிரி திரும்பின. யாரோ விரலால் திருகியதோடு சரி, இறுக்கவே இல்லை. ரப்பர் பாதி கிழிந்து கிடந்தது.

எட்டு மாதத்துக்கு முன்னால் கிளட்ச் மாற்றியபோது அந்த ஷாஃப்டை இறக்கி மாட்டியது இதே ஒர்க்‌ஷாப்தான்.

வக்கீலம்மாவை வரவழைத்து அந்த ரப்பரைக் காட்டினார்கள்.  அவர் போன வாரம்தான் அந்தக் காரில் தன் அம்மாவை உட்கார வைத்து மலைப்பாதையில் இறங்கியிருக்கிறார்.

"அன்னிக்கு இது கழண்டிருந்தா?"

"ஷாஃப்ட் ரோட்டுல குத்தியிருக்கும். வண்டி கவிழ்ந்திருக்கலாம்." முதலாளியம்மா எதையும் மறைக்கவில்லை.

யார் மாட்டியது என்று கேட்டார் வக்கீலம்மா. அங்கே மெக்கானிக்குகள் மூன்று பேர். முதலாளியம்மாவும் ஸ்பேனர் பிடிப்பவர்தான். மாதம் நாற்பது வண்டி வந்து போகிற இடத்தில் யாருக்கு நினைவிருக்கும்? அத்தான் மட்டும், தான் இறுக்கிய போல்ட்டைத் தன்னாலேயே கழற்ற முடியாது என்று நெஞ்சை நிமிர்த்தியிருக்கிறார்.

"ஆள் யாருன்னு கண்டுபிடிச்சு இன்னிக்கே வேலையை விட்டு அனுப்புங்க. இல்லேன்னா எங்க ஸ்போர்ட்ஸ் கார் கிளப்ல இருக்கிற பன்னிரண்டு காரும் இனிமே உங்க வாசலை மிதிக்காது."

முதலாளியம்மா, பழைய வேலைக் கார்டுகள் அடுக்கியிருக்கும் ஆபீஸ் அறைக்குள் போனார். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தார்.

"நான்தாங்க மாட்டினேன். தப்பு என்னோடது. என்னை நானே எப்படி வேலையை விட்டு அனுப்பிக்கிறது?"

 வக்கீலம்மா காரை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்.

மறுநாளிலிருந்து அங்கே புதுச் சட்டம். ஒருவர் இறுக்கிய போல்ட்டை இன்னொருவர் மறுபடி சோதித்து, மஞ்சள் பெயிண்டால் கோடு போட்ட பிறகுதான் வண்டி லிஃப்டிலிருந்து இறங்கும். காரை எடுக்க வந்த வக்கீலம்மா, ஆறாவது கோடு விழும்வரை நின்று பார்த்தாராம்.  அடுத்த மாதம் அவர் கிளப்பிலிருந்து இரண்டு கார் வந்தது.

"அந்தம்மா தூக்கத்துல மாட்டின ரெண்டு போல்ட்டுக்கு நாங்க தினமும் தண்டனை அனுபவிக்கிறோம்" என்று அத்தான் முடிப்பார். எல்லாரும் சிரிப்போம். அக்காதான் அதிகம் சிரிப்பாள்.

எங்கள் குடும்பத்தில் முதலில் டிகிரி முடித்த ஆள் நான். முடித்து ஒரு வருஷம் சும்மா இருந்த எனக்கு, போன மாதம் அதே ஒர்க்‌ஷாப்பில் ஒரு வேலை கிடைத்தது. எந்த வண்டிக்கு யார் என்ன செய்தார் என்று குறித்த பழைய வேலைக் கார்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். தப்பு வந்துவிடுமோ என்ற பயத்தில் ஒவ்வொரு கார்டையும் இரண்டு தடவை படிப்பேன். வக்கீலம்மா காரின் கிளட்ச் கார்டை மட்டும் ஐந்து தடவை படித்தேன்.

'ஷாஃப்ட் போல்ட் ஆறும் இறுக்கியவர்' என்ற இடத்தில் இருந்தது அத்தானின் கையெழுத்து. நேரம் காலை பதினொன்று பத்து.

தேதியைத் துண்டுத் தாளில் எழுதி எடுத்துப்போய், அக்கா வீட்டு அலமாரியில் இருந்த அவள் மகளுக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த பிறப்புச் சீட்டோடு ஒத்துப் பார்த்தேன். அதே தேதிதான். குழந்தை பிறந்தது பதினொன்று நாற்பதுக்கு.