ஆறு நாள் சுத்தம்

“உங்க பையன் போதுமான அளவு கெட்டுப் போகல. அதான் சிக்கல்” என்றாள் ரோண்டா, கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மேற்கு வர்ஜீனியாவில் ஆற்றோரத்து ஊர் ஒன்றின் போதை மீட்பு மையம் அது. ரோண்டா அங்கே வரவேற்பு மேசையில் இருப்பவள். எதிரே நடீனும் அவள் மகன் வெஸ்லியும் உட்கார்ந்திருந்தார்கள். ஜூலை வெயிலிலும் நடீன் கம்பளிச் சட்டையைக் கழற்றவில்லை.

“வலி மாத்திரையில ஆரம்பிச்சு மூணு வருஷமா இதுலயே கெடக்கான். இதுக்கு மேல என்ன கெட்டுப் போகணும்?”

“எனக்குப் புரியுதும்மா. இன்சூரன்ஸ்காரனுக்குப் புரியணுமே. சிறுநீர்ல மாத்திரை தெரிஞ்சாத்தான் தங்கிப் பார்க்கிற வைத்தியத்துக்குக் கொடுப்பான். இவரோடது சுத்தமா இருக்கு. வாரம் ரெண்டு தடவை வந்து பேசிட்டுப் போனா போதும்ங்கிறான்.”

சுத்தமாக இருந்ததற்குக் காரணமே நடீன்தான். ஆறு நாளாக, வேலை நேரம் போக மற்ற நேரமெல்லாம் மகனைக் கண்கொத்திப் பாம்பாகக் காவல் காத்தாள். வாந்தியை அள்ளினாள். இழுத்த கால்களைப் பிடித்துவிட்டாள். இப்போது அந்த ஆறு நாளே குறுக்கே வந்து நிற்கிறது. என்ன நியாயமோ இது.

“ரெண்டு நாள் நீங்க பேசுவீங்க. மத்த அஞ்சு நாள் பழைய கூட்டாளிங்க வந்து பேசுவானுங்க” என்றாள் நடீன். “போன தடவை ஒம்பதாவது நாள் விழுந்தான். பாத்ரூம்ல நீலம் பாரிச்சுக் கிடந்தான். நான் மட்டும் கதவை உடைக்கலைன்னா...”

வெஸ்லி தரையைப் பார்த்தான்.

“அடுத்த மாசம் பதினஞ்சாம் தேதி இவனுக்கு இருபத்தாறு. அதோட என் வேலையில கொடுக்கிற இன்சூரன்ஸ்ல இருந்து இவன் பேரை எடுத்துடுவாங்க. உங்க வைத்தியம் இருபத்தெட்டு நாள். இன்னைக்குச் சேர்ந்தாத்தான் உண்டு.”

“அரசாங்க மருத்துவ அட்டைக்கு எழுதிப் போடலாமே?”

“அது எப்ப வருமோ. அதுவரைக்கும் இவன் உயிரோட இருக்கணுமே.”

ரோண்டா குரலைத் தாழ்த்தினாள். “நான் சொன்னதா இருக்கக் கூடாது. போன வாரம் ஒருத்தர் வெளியே போய் ஒண்ணு போட்டுட்டு வந்தாரு. சாயங்காலமே படுக்கை கிடைச்சுது.”

வெஸ்லி சட்டென்று எழுந்தான். “அம்மா, கார் சாவியைக் கொடு. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கு. ஒண்ணே ஒண்ணு. பத்து நிமிஷத்துல வந்துடுறேன்.”

“உட்காருடா.”

“வேற வழி இல்லம்மா.”

“ஒண்ணோட நிறுத்துற ஆளா நீ? இந்த ஆறு நாளைத் தொலைக்க நான் விடமாட்டேன்.”

அவன் கண்ணில் அந்தப் பழைய பளபளப்பு வந்துவிட்டிருந்தது. நடீன் மேசைப் பக்கம் திரும்பினாள்.

“மறுபடியும் சோதிச்சுப் பாருங்க” என்றாள் ரோண்டாவிடம். “காலையில நிறைய தண்ணி குடிச்சுட்டான். அதுல கரைஞ்சு தெரியாமப் போயிருக்கும்.”

ரோண்டா அவளை ஒரு கணம் பார்த்தாள். இழுப்பறையைத் திறந்து மூடி போட்ட கப் ஒன்றை எடுத்து வைத்தாள். “இன்னும் ஒரு தடவைதான்.”

நடீன் அதைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு மகனின் காதருகே குனிந்தாள். “கார் நிறுத்துற இடத்துல ஒரு ஆளைப் பார்த்தேன். மாத்திரை போட்ட மூஞ்சி. இந்தக் கப்ல அவனோடதைக் கேட்டு வாங்கிட்டு வரேன். நீ இங்கிருந்து அசையாத.”

“ஏமாத்துறதாம்மா?”

“ஆமா. பேசாம இரு.”

கால் மணி நேரத்தில் வியர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தாள். கப் அவன் கைக்கு மாறியது. அவன் கழிப்பறைக்குள் போய்ப் பெயருக்குக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்து கொடுத்தான். ஐந்தே நிமிடத்தில் அதில் மாத்திரை தெரிந்துவிட்டது.

பிறகு இன்சூரன்ஸ் கம்பெனியோடு போன். அவர்கள் கேட்ட கேள்விகளை ரோண்டா வெஸ்லியிடம் திருப்பிக் கேட்டாள். அவன் வாயைத் திறப்பதற்குள் நடீன் பதில் சொன்னாள்.

“மாத்திரை இல்லன்னா கொட்டாவி நிக்காது. மூக்கு ஒழுகும். வெயில்லயும் குளிரும். தோலுக்கு அடியில எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும்.”

“நல்லாத் தெரிஞ்சு வச்சிருக்கீங்க” என்றாள் ரோண்டா, போனைக் கையால் பொத்திக்கொண்டு.

“முதியோர் இல்லத்துல வேலை. பதினெட்டு வருஷமா ஆளுங்களைத் தூக்கித் தூக்கி முதுகு போச்சு. எனக்குத் தெரியாத வலியா?”

நாற்பது நிமிடம் கழித்து அனுமதி வந்தது. நர்ஸ் ஒருவர் வந்து வெஸ்லியை அழைத்தார். அவன் அம்மாவைக் கட்டிக்கொண்டான்.

“அந்த ஆளைப் பார்த்தா நான் நன்றி சொன்னேன்னு சொல்லும்மா.”

“சொல்றேன். நீ போ. முழுசா முடிச்சுட்டு வா.”

அவனுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. நடீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்ப எழுந்தபோது, ரோண்டா இன்னொரு சேர்க்கைப் படிவத்தை அவள் பக்கம் நகர்த்தினாள்.

“கார் நிறுத்துற இடம் இந்த ஜன்னல்ல நல்லாத் தெரியும். அங்க யாரும் இல்ல. நீங்க பெண்கள் கழிப்பறைக்குப் போனதைத்தான் பார்த்தேன்” என்றாள் மெதுவாக. “இன்சூரன்ஸ் உங்க பேர்லதானே இருக்கு? உங்களுக்கும் செல்லும்.”

நடீன் படிவத்தைத் தொடாமல் கடிகாரத்தைப் பார்த்தாள். “மூணு மணிக்கு ஷிப்ட். நான் இங்க படுத்தா என் வேலை போயிடும், வேலை போனா அவன் படுக்கையும் போயிடும்” என்றவள், கைப்பையிலிருந்து அன்றைய மூன்றாவது வலி மாத்திரையை எடுத்துத் தண்ணீர் இல்லாமல் விழுங்கினாள்.