அவனுக்கும் இல்லை, நமக்கும் இல்லை

"வாங்க தலைவரே! மைக்கை அங்கேயே விட்டுட்டு வந்தீங்களா, இல்லே கையோட கொண்டாந்துட்டீங்களா?"

இருட்டுக்குள்ளிருந்து அப்பாவின் குரல் வந்தது. நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கும். ஆனாலும் கிண்டலுக்கு மட்டும் குறைச்சலில்லை.

ஜெராக்ஸ் கடைக்காரர் செருப்பைக் கழற்றும்போதே நாற்காலியில் காலை இடித்துக்கொண்டார். கூட்டத்தில் கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. பதில் சொல்லத் தெம்பில்லாமல் அப்பாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

தெரு முழுக்கக் கரண்ட் இல்லை. வீட்டில் ஓடிக்கொண்டிருந்த ஒரே சாமான் அப்பாவின் ஆக்சிஜன் மிஷின்தான். மூலையில் அதன் பச்சை விளக்கு மட்டும் எரிந்தது. அதிலிருந்து வந்த குழாய்தான் அப்பாவின் மூக்குக்குள் மூச்சை அனுப்பிக்கொண்டிருந்தது.

பின்சுவருக்கு அந்தப் பக்கம் மட்டும் பட்டப்பகல் மாதிரி வெளிச்சம். ஊர்க் கரண்டையெல்லாம் உறிஞ்சும் அந்த டேட்டா சென்டர் வந்த நாளிலிருந்து இதே கதைதான். அங்கே ஓயாத உறுமல், இங்கே சாயங்காலமானால் இருட்டு. கரண்ட் போய்ப் பாதித் தாளை விழுங்கிக்கொண்டு நின்ற ஜெராக்ஸ் மிஷினுக்காக வாடிக்கையாளர்களிடம் கெஞ்சிக் கெஞ்சி வெறுத்துப்போய்த்தான் அவர் போராட்டக் குழுவுக்குத் தலைவரானார்.

மனைவி சுடுதண்ணீர் டம்ளரை அவர் கையைத் தேடிக் கொடுத்தாள்.

"இன்னைக்காவது ஏதாவது முடிவாச்சா?"

"ஆச்சு. ஜெயிச்சுட்டோம்." அதைச் சொல்லும்போது கொட்டாவிதான் வந்தது. "பெரிய அதிகாரியே மேடையில சொல்லிட்டார். விசாரணை முடியிற வரைக்கும் அந்தக் கட்டடத்துக்குக் கரண்ட் கிடையாது. நாளைக்கே நிறுத்துறாங்க."

"எத்தனை மணிக்குடா?" என்றார் அப்பா.

"சாயங்காலம் ஆறு மணிக்கு."

"அவங்ககிட்டதான் ஜெனரேட்டர் இருக்கே?" என்றாள் மனைவி.

"அதை விடுவேனா? அதுவும் ஓடக் கூடாதுன்னு அடம்பிடிச்சு ஒத்துக்க வெச்சுட்டேன். வாட்ச்மேன் ரூம்ல கூட ஒரு பல்பு எரியாது."

அவள் டம்ளரை வாங்கிக்கொண்டு மூலையிலிருந்த பச்சை விளக்கைத் திரும்பிப் பார்த்தாள்.

"சரி, நம்ம தெருவுக்குக் கரண்ட் வந்துடுமா?"

"உடனே எங்க வரும்? நம்ம டிரான்ஸ்ஃபார்மர் பழுதாகி, சாயங்கால லோடைத் தாங்க மாட்டேங்குதாம். புதுசு மாட்ட ரெண்டு மாசம் ஆகுமாம்."

"அப்போ எதைத்தான் ஜெயிச்சீங்க?"

"அவனுக்கும் இல்லை, நமக்கும் இல்லை. அது போதாதா?"

அப்பா சிரிக்கப் போய் இருமினார். "சின்னப் பையனா இருக்கும்போதே அப்படித்தாம்மா இவன். கரண்ட் போச்சுன்னா ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டை எட்டிப் பார்ப்பான். அங்கேயும் இருட்டுன்னா... உடனே நிம்மதியாகிடுவான்."

"எல்லாரும் அப்படித்தான்ப்பா. கூட்டத்துல கைதட்டின சத்தத்தை நீங்க கேட்டிருக்கணும்." மனைவி பக்கம் திரும்பினார். "உன் தம்பியை வேற வேலை பார்த்துக்கச் சொல்லு."

மச்சான் அந்தக் கட்டடத்தில்தான் எலெக்ட்ரீஷியன். வேலையில் சேர்ந்த அன்றைக்கே, "அந்தச் சம்பளம் வாங்குறவன் என் வாசப்படியை மிதிக்கக் கூடாது" என்று இவர் சொல்லிவிட்டார். பையனுக்கு ரோஷம். இன்றுவரை மிதிக்கவில்லை.

"அதை விடுங்க. இன்னும் ரெண்டு மாசம் இருட்டுன்னா, அப்பா மிஷினுக்கு..." என்று இழுத்தாள் மனைவி.

"இன்வெர்ட்டர் எதுக்கு இருக்கு? ஃபேன் கூடாது, லைட் கூடாது, மிஷினுக்கு மட்டும்தான்னு நீதானே கண்டிஷன் போட்டே? அப்படி ஓட்டுறதாலதான் இத்தனை நாள் தாங்குது. பத்துக் கடை ஏறி இறங்கி வாங்கினவன் நான்!"

பாராட்ட ஆளில்லாத வீட்டில் தானே பாராட்டிவிட வேண்டியதுதான் என்று அவர் எழுந்தார். போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு அடுக்களை மூலைக்குப் போய், "இன்னும் ரெண்டே மாசம் பல்லைக் கடிச்சுக்கோப்பா" என்று இன்வெர்ட்டரின் முதுகில் தட்டினார்.

அது ஜில்லென்று இருந்தது. கையில் தூசி அப்பிக்கொண்டது. ஸ்விட்சைத் தட்டியும் அதன் முகத்தில் ஒரு விளக்குகூட எரியவில்லை.

போன் வெளிச்சத்தைக் கீழே இறக்கினார். அப்பாவின் மிஷினிலிருந்து வந்த வயர் இன்வெர்ட்டரைச் சீண்டக்கூட இல்லை. அதைத் தாண்டி, சுவரோரமாக ஊர்ந்து, ஜன்னல் கம்பி வழியாக வெளியே போயிருந்தது.

"ஏய், இது என்ன வயர்?" அவர் அதைப் பிடித்து இழுத்தார்.

அறை மூலையில் பச்சை விளக்கு ஒரு முறை அணைந்து எரிந்தது. பின்சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் பதறியது.

"அக்கா, இழுக்காதே! வாட்ச்மேன் ரூம்ல பிளக் லூஸா இருக்கு. பெரியவருக்கு மிஷின் நின்னுடும்!"

வாசப்படியை மிதிக்காத மச்சானின் குரல்.

வயரும் கையுமாக நின்றுவிட்டவரைப் பார்த்து, அப்பா கட்டிலிலிருந்தபடியே மெதுவாக மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னார்:

"வயரை விடுங்க தலைவரே... நாளைக்கு ஆறு மணி வரைக்குமாவது ஓடட்டும்."